காதர் பாய் வெப்சைட்டில் இருக்கும் சாய்ந்த படம்

நீங்கள் இரண்டு பேரும் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் எட்டாவதோடு நின்றவன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நம்முடைய இந்தச் சின்னக் கடையில் என்னைவிடப் பழைய ஆள் இப்போது இல்லை. அதனால்தான் நீங்கள் என்னை சார் என்று கூப்பிடுகிறீர்கள். வயது என்னவோ இருபத்தாறுதான்.

நேற்று நீங்கள், "சார், காதர் பாய் வெப்சைட்ல ஒரு படம் கோணையா இருக்கு, நேர் பண்ணிடட்டுமா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். டீ குடிக்கப் போனேன் என்று நினைத்திருப்பீர்கள். கடைக்குப் பின்னால் நின்று அழுதேன். நல்ல கேள்விதான் கேட்டீர்கள், தப்பு உங்கள் பேரில் இல்லை. வாயால் பதில் சொன்னால் பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதித் தருகிறேன். வெப்சைட்டை எப்படிச் செய்வது என்று இதில் ஒன்றும் இருக்காது. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கை ஓடாமல் நிற்கும் நேரத்தில் என்ன செய்தோம் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

இந்தக் கடையைத் தொடங்கியவர் டேவிட் மாமா. என் அக்கா எஸ்தரின் வீட்டுக்காரர். முதலில் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தார். சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாலும் அந்த நாற்றம் போகாது. கம்பெனியை விட்டுவிட்டு நெட் சென்டர் வைத்தார், தானாகவே வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டார். நான் அப்போது ஓல்டு டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வந்து கூப்பிட்டார்.

"வா மச்சான், வெப்சைட் வேலைக்கு. இதுல நாத்தமே அடிக்காது."

"எனக்கு இங்கிலீஷ் வராதே மாமா."

"கேமராவுக்கு என்னா இங்கிலீஷ். நீ படம் புடி, நான் எழுதுறேன்."

அப்படித்தான் சேர்ந்தேன். படம் எல்லாம் நான். எழுத்து எல்லாம் அவர். கடைசி வரைக்கும் அதுதான் ஏற்பாடு. ஒரே ஒரு படம் மட்டும் விலக்கு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காதர் பாய்க்கு லால்பேட்டை சொந்த ஊர். சிதம்பரத்தில் மேலவீதியை ஒட்டிய ஒரு சந்தில் தையல் கடை. பரதநாட்டிய உடை மட்டும்தான் தைப்பார். மாசி மாதம் சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கும்போது எங்கிருந்தெல்லாமோ பெண்கள் ஆட வருவார்கள். ஆட வந்த இடத்தில் கொக்கி பிய்ந்தது, மடிப்பு கலைந்தது என்று பாயிடம் ஓடி வருவார்கள். அப்படி வந்தவர்கள்தான், "நாங்க ஊர்ல இருந்தே ஆர்டர் குடுக்க ஒரு வெப்சைட் வைங்களேன் பாய்" என்று கேட்டிருக்கிறார்கள். பாய் நம்மிடம் வந்தார்.

மாமா முதலில் செய்த வெப்சைட் உங்களுக்குச் சிரிப்பு வரவைக்கும். திறந்தவுடன் சலங்கைச் சத்தம். ஒரு தீபம் சுற்றிச் சுற்றி வரும். அதற்குப் பிறகு எழுத்து ஒவ்வொன்றாக மேலிருந்து விழும். மாமாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. பாயையும் அவர் மனைவி சபுராம்மாவையும் உட்காரவைத்துத் திறந்து காட்டினார். அன்றைக்கு நெட் மெதுவாக இருந்தது. பாய் பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டேவிட்டு, இது எப்பப்பா தொறக்கும்? ஷட்டர் பாதியிலயே நிக்குதே."

"இது இண்ட்ரோ பாய். எல்லா பெரிய கம்பெனியிலயும் இப்டித்தான்."

"பெரிய கம்பெனிக்கு ஜனங்க காத்துக் கெடப்பாங்க. நமக்கு எதுக்குக் காத்துக் கெடக்கணும்?"

சபுராம்மா திரையை உற்றுப் பார்த்தார். "முன்னால வர விசிறி மடிப்பு எங்க? அத விரிச்சுக் காட்ற மாதிரி ஒரு படமும் காணோமே. வெளக்குதான் சுத்துது."

மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்று முழுக்க என்னிடமும் பேசவில்லை. மறுநாள் காலையில் அந்த இண்ட்ரோவை அவரே அழித்துவிட்டார். பாய் கடையின் உள்ளே நான் எடுத்த படத்தை முதலில் வைத்தார். அதன் கீழே போன் நம்பர். அதன் கீழே சபுராம்மா விசிறி மடிப்பைக் கையில் விரித்துப் பிடித்திருக்கும் படம். வெப்சைட் பட்டென்று திறந்தது.

"பாரு மச்சான், ஒரு வாரம் பண்ண வேலைய ஒரு நிமிசத்துல அழிச்சேன். இப்பதான் நல்லா இருக்கு," என்றார். தன் கையால் செய்ததைத் தானே அழிக்க ஒரு மனசு வேண்டும். அவருக்கு அது இருந்தது.

அளவு எழுத ஒரு பக்கம் வைத்தோம். இடுப்பு, உயரம், கை நீளம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அதில் நிரப்பி வெளியூரிலிருந்து முதல் ஆர்டர் வந்தது, பெங்களூரில் இருக்கும் ஒரு அம்மா, தன் மகளுக்காக. பாய் தைத்து அனுப்பினார். எல்லோரும் பிரியாணி சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் ஒரு மெயில் வந்தது, கூடவே ஒரு படம். அந்தப் பெண் உடை போட்டுக்கொண்டு அரைமண்டியில் உட்கார்ந்திருக்கிறாள். முட்டி இரண்டையும் பக்கவாட்டில் வெளியே மடக்கி, பாதி உட்கார்ந்து நிற்பதுதான் அரைமண்டி. நாட்டியத்தில் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கும். அப்படி உட்காரும்போது இரண்டு காலுக்கும் நடுவில் அந்த விசிறி முழுசாக விரிய வேண்டும். அந்தப் படத்தில் விசிறி பாதிதான் விரிந்திருந்தது. முட்டியில் துணி இறுகிப் பிடித்து, எந்த நேரமும் கிழிவதுபோல இருந்தது.

பாய் படத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "புள்ளைய ஒக்கார வச்சு அளவு எடுக்கலியா?"

"நிக்க வச்சுதான் எடுத்திருப்பாங்க பாய்," என்றார் மாமா.

"நிக்க வச்சா? நின்னுகிட்டா ஆடப் போவுது?"

"நீங்க அத எங்ககிட்ட சொல்லவே இல்லையே."

"இத யாருப்பா சொல்லுவாங்க. சாப்ட்டா கை கழுவுன்னு சொல்லணுமா? என் கடைக்கு வர புள்ளைய மொதல்ல அரமண்டி போடச் சொல்லுவேன், அப்பறம்தான் டேப்ப எடுப்பேன்."

கேட்காமல் விட்டது நாங்கள். சொல்லாமல் விட்டது பாய். இரண்டு பேர் பேரிலும் தப்பில்லை. தினம் செய்கிற வேலையை ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் உங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஒரு கடைக்கு வெப்சைட் செய்யும் முன்னால் அந்தக் கடையில் ஒரு நாள் முழுக்க ஓரமாக உட்கார்ந்திருங்கள். கேள்வி கேட்டு வாங்க முடியாதது எல்லாம் கண்ணில் படும்.

மாமா அந்தப் பக்கத்தில் இன்னும் பத்துக் கட்டம் சேர்க்கலாம் என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. எனக்குக் கட்டத்தைப் பார்த்தாலே பரீட்சை ஞாபகம் வந்துவிடும். "கட்டம் வேணாம் மாமா. ஒருத்தங்க அரமண்டில ஒக்காந்திருக்க, பாய் எங்கெங்க டேப் வைக்கிறாருன்னு படமா போட்டுடலாம். பாத்து அதே மாதிரி எடுத்துக்குவாங்க."

"யார ஒக்கார வைக்கிறது? ஆடுற புள்ளைங்க படத்த அவங்க வீட்ல கேக்காம போட முடியாது."

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பிக்கு என்னா கொறச்சல்? ஒல்லியாத்தான இருக்கான். ஒக்காரட்டும்."

நான் ட்ராக் பேண்ட் மாட்டிக்கொண்டு பாய் கடையின் நடுவில் அரைமண்டி போட்டேன். என் தொடை நடுங்கியது. பாய் மண்டியிட்டு என் முட்டியில் டேப் வைத்தார். சபுராம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் நடுவில் உட்கார்ந்திருப்பதால் கேமராவை மாமா எடுத்துக்கொண்டார்.

"மச்சான், இன்னும் கொஞ்சம் கீழ. அப்டியே கழுத்த ஆட்டு பாப்போம்."

"மாமா, சீக்கிரம் எடுங்க, கால் போவுது."

"தலைய வெட்டிட்டுத்தான் போடுவேன், கவலப்படாத. ஒனக்குப் பொண்ணு தேடணும்ல."

அப்படி எடுத்ததுதான் நீங்கள் கேட்ட அந்தப் படம். இடுப்புக்குக் கீழே தெரியும் கால்கள் என்னுடையவை. அந்தப் படம் ஏறிய பிறகு தப்பான அளவு வரவே இல்லை. மும்பையிலிருந்து வந்தது, துபாயிலிருந்து வந்தது, எல்லாம் சரியாக இருந்தது. ஒரு நாட்டியப் பள்ளியில் அதைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களாம். மச்சானுடைய கால் துபாய் போய்விட்டது, மச்சான் சென்னையைத் தாண்டியதில்லை என்று மாமா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இனிமேல் எழுதுவது கொஞ்சம் கஷ்டம்.

2011 ஆடி மாதத்தில் ஒருநாள், பாயைப் பார்த்துவிட்டு பைக்கில் திரும்பி வரும்போது ஆலப்பாக்கம் பக்கம் ஒரு லாரி மோதி மாமா இறந்துபோனார். அக்காவுக்கு அப்போது குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை.

பக்கத்துக் கடைக்காரர் ஒரு வெள்ளைப் பேப்பரில் 'துக்கம், கடை விடுமுறை' என்று எழுதி நம் ஷட்டரில் ஒட்டியிருந்தார். அதைப் பார்த்து மஞ்சக்குப்பமே வீட்டுக்கு வந்தது. காரியம் முடிந்து வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். மெயில்கள் குவிந்து கிடந்தன. எல்லாம் டேவிட்டுக்கு. 'டேவிட், ஏன் பதில் இல்லை?' 'டேவிட், ஊரில் இல்லையா?' வெப்சைட் வழியாக மட்டுமே நம்மைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பேப்பர் கண்ணில் படவே இல்லை. அவர்கள் இறந்தவரிடம் கோபித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மாமா முன்னால் எழுதிய மெயில்களைத் தேடி எடுத்து, அதே இங்கிலீஷை வெட்டி ஒட்டி பதில் அனுப்பினேன். உடை ரெடி என்றால் அதற்கு ஒரு மெயில், கொரியரில் போட்டாச்சு என்றால் அதற்கு ஒரு மெயில் என்று எல்லாமே அவர் எழுதியது இருந்தது. கீழே 'டேவிட்' என்றே விட்டுவிட்டேன். அந்தப் பெயரை அழிக்க எனக்குக் கை வரவில்லை. யாரோ 'நன்றி டேவிட்' என்று பதில் போட்டால், அவர் இன்னும் எங்கேயோ இருப்பதுபோல இருக்கும்.

சிதம்பரம் போக வேண்டியிருந்தால் ஆலப்பாக்கம் வழியாகப் போக மாட்டேன். வடலூர் போய் அங்கிருந்து சுற்றிக்கொண்டு போவேன். நேரம் இரண்டு மடங்கு ஆகும், ஆகட்டும் என்று இருந்தேன்.

அந்த வருஷம் பாய்க்கு அதுவரை இல்லாத பெரிய ஆர்டர் வந்தது. மலேசியாவில் நாட்டியப் பள்ளி நடத்தும் ஒரு டீச்சர், நாட்டியாஞ்சலிக்கு அழைத்து வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் உடை கேட்டார். எல்லா அளவும் அரைமண்டியில் எடுத்து அனுப்பியிருந்தார். பாய் காஞ்சிபுரம் போய்ப் பட்டு எடுத்து வந்து வெட்டியும் முடித்துவிட்டார். வெட்டிய பட்டை வேறு யாருக்கும் தர முடியாது. அந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் பாய்க்கு அந்த சீசனே போய்விடும், கடையும் எழுந்து நிற்காது.

டிசம்பர் கடைசியில் 'தானே' என்ற புயல் அடித்தது. உங்களுக்கே தெரியும், சொல்ல வேண்டியதில்லை. கடலூரில் நின்ற மரத்தை எண்ணிவிடலாம். கரண்ட் இல்லை, போன் இல்லை, நெட் இல்லை. நம் கடைக்குள் தண்ணீர். எனக்கு மலேசியா டீச்சர் ஞாபகம்தான். டிவியில் கடலூரைக் காட்டியிருப்பார்கள். அவர் மெயில் போட்டிருப்பார். இங்கே பதில் சொல்ல ஆளில்லை.

கேமராவையும் மாமாவின் பழைய பைக்கையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வடலூர் ரோட்டில் மரங்கள் விழுந்து கிடக்கின்றன, போக முடியாது என்று போலீஸ்காரர் திருப்பி அனுப்பினார். மிச்சம் இருந்தது அந்த ஒரு வழிதான். செம்மங்குப்பம் தாண்டி ஆலப்பாக்கம் வந்தபோது அந்த இடம் எது என்று தெரியவில்லை. அடையாளம் வைத்திருந்த புளியமரமே இல்லை. நின்றேன். "மாமா, வேலயா போறேன்," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நெட் சென்டர் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. மெயிலைத் திறந்தேன். டீச்சரிடமிருந்து வரிசையாக மெயில்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண்ணிடம் கடைசி மெயிலைக் காட்டி அர்த்தம் கேட்டேன். "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பதில் வரலன்னா சென்னையில வேற கடையில குடுத்துடுவேன்னு எழுதியிருக்காங்கண்ணா," என்றது.

பாய் கடைக்கு ஓடினேன். உடைகள் பாதிதான் தைத்திருந்தது. மோட்டார் மெஷின்கள் எல்லாம் சும்மா கிடந்தன. பாய் பரண் மேலிருந்து பழைய மிதி மெஷினை இறக்கி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மெயிலைச் சொன்னேன்.

"எல்லாம் ரெடி, அனுப்பப் போறோம்னு போட்ரு தம்பி. டேவிட்டு எழுதுன மெயில்ல அப்டி ஒண்ணு இருக்கும்ல?"

இருந்தது. வெட்டி ஒட்டினால் ஒரு நிமிஷம். என்னால் முடியவில்லை.

"ரெடி இல்லியே பாய்."

"தெரியும்டா. யாவாரத்துக்கு ஒக்காந்தவன் வாசல்ல நின்னு அழக் கூடாது. அழுதா எவன் உள்ள வருவான்?"

"அழ வேணாம் பாய். மாமா செத்தப்ப நம்ம ஷட்டர்ல ஒரு பேப்பர் ஒட்டுனாங்க. அதப் பாத்தவங்க யாரும் கோச்சுக்கல. மெயில் போட்டவங்கதான் கோச்சுகிட்டாங்க, அவங்களுக்கு யாரும் பேப்பர் ஒட்டல. இந்த அம்மாவுக்கு நாம இப்ப பேப்பர் ஒட்டணும்."

"உள்ளதச் சொன்னா ஆர்டர் போயிடும் அருளு."

"போனா போவுது பாய்" என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அது அவருடைய பட்டு, அவருடைய வருஷம்.

சபுராம்மா உள்ளே மடிப்புத் தேய்த்துக்கொண்டிருந்தார். கரண்ட் இல்லாததால் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கரிப்பெட்டி இரவல் வாங்கி, பட்டின் மேல் பழைய வேட்டியைப் போட்டு, ஒவ்வொரு மடிப்பாக அழுத்திக்கொண்டிருந்தார். நிமிராமலேயே பேசினார்.

"ரெடின்னு பொய் சொன்னா, நாளைக்கே குடுன்னு கேப்பாங்க, எங்கேந்து குடுப்பீங்க? உள்ளதச் சொன்னா டயமாவது கேக்கலாம். அவங்க எப்டியும் ஆடுறதுக்கு இங்கதான வராங்க. இங்க வந்தே வாங்கிக்கட்டும்."

பாய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "இங்க வந்து போட்டுப் பாத்து சரியில்லன்னா? மறுநாளே ஆட்டம். திருத்தக்கூட நேரம் இருக்காதே."

"அளவு அரமண்டில எடுத்ததுதான? அப்பறம் என்னா பயம்?" என்றார் சபுராம்மா.

பாய் எண்ணெய்க் கிண்ணத்தை மறுபடி கையில் எடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "எழுது தம்பி. இன்ஷா அல்லாஹ்," என்றார்.

படம் எடுத்தேன். சந்தில் விழுந்து கிடந்த வேப்பமரம். மிதி மெஷினில் பாயின் கால். கரிப்பெட்டிக்குக் கீழே பட்டு. நெட் சென்டருக்குத் திரும்பி உட்கார்ந்தபோதுதான் உறைத்தது, புயலுக்கு என்று மாமா எழுதி வைத்த மெயில் எதுவும் இல்லை. வெட்டி ஒட்ட ஒன்றும் கிடையாது. ஜெனரேட்டர்க்காரர் இன்னும் கொஞ்ச நேரம்தான் டீசல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தமிழிலேயே எழுதினேன். ஊரில் புயல் அடித்துவிட்டது, உடை பாதிதான் முடிந்திருக்கிறது, மிதி மெஷினில் தைக்கிறோம், நீங்கள் சிதம்பரம் வரும் அன்று கடையிலேயே எல்லாம் தயாராக இருக்கும், அதற்கு முன்னால் தருகிறோம் என்று சொன்னால் அது பொய். அதோடு இன்னொன்றும் எழுதினேன். 'டேவிட் ஆடி மாதமே இறந்துவிட்டார். இத்தனை நாள் அவர் பெயரில் பதில் போட்டது நான். அவருடைய மச்சான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது.' கீழே என் பெயரை எழுதினேன். அருள். அனுப்பிவிட்டேன்.

அதையே சுருக்கி, படங்களோடு பாய் வெப்சைட்டின் முதல் பக்கத்தில் ஏற்றினேன். அந்தக் காலேஜ் பெண் கீழே இங்கிலீஷில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தது. கொஞ்சம் டீசல் மிச்சம் இருந்தது. நம் கடை வெப்சைட்டைத் திறந்து, மாமா படத்தைப் போட்டு, ஷட்டரில் ஒட்டியிருந்த அதே பேப்பர் மாதிரி ஒரு வரி எழுதினேன். முன்னாலேயே செய்திருக்க வேண்டிய காரியம்தான். முன்னால் எனக்கு முடியவில்லை.

எழுந்திருக்கும் முன் டீச்சரிடமிருந்து பதில் வந்தது. தமிழில்.

'அருள், டேவிட்டுக்காக இங்கே பிள்ளைகள் விளக்கேற்றப் போகிறார்கள். உடைகளை சிதம்பரம் வந்தே வாங்கிக்கொள்கிறோம். ஒரே ஒரு கேள்வி. கரிப்பெட்டியில் பட்டு பொசுங்காதா?'

பாயிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார், கண் கலங்கியிருந்தது. "அந்தம்மாவுக்குத் தொழில் தெரியுது. பழைய வேட்டிய மேல போட்டுத்தான் தேய்க்கிறோம்னு எழுதுடா."

முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு மற்ற ஊர்க்காரர்களும் எழுதினார்கள். மெதுவாக அனுப்புங்கள் என்றார்கள். புயலைப் பற்றி விசாரித்தார்கள். ஒருவர் மட்டும் ஆர்டரை கேன்சல் செய்தார். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், உண்மையைச் சொன்னால் ஒருவர் போவார். போகட்டும்.

மாசியில் அவர்கள் வந்தார்கள். வேன் மேலவீதியில் நின்றுவிட்டது, சந்துக்குள் வராது. பிள்ளைகள் வரிசையாக நடந்து வந்தார்கள். சபுராம்மா உள்ளறையில் ஒவ்வொருவராக உடை மாட்டிவிட்டு வெளியே அனுப்பினார். கடைக்குள் இடம் போதவில்லை. சந்திலேயே நின்றார்கள். எதிர்வீட்டு மாடியில் ஜனங்கள் கூடிவிட்டார்கள். பாய் கத்தரிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். மறுநாள் ஆட்டம். ஒரு விசிறி விரியாவிட்டாலும் திருத்த நேரமில்லை.

டீச்சர் பருத்திப் புடவை கட்டி, கண்ணாடி போட்டிருந்தார். பிள்ளைகளைப் பார்த்து ஒரே சொல்தான் சொன்னார்.

"அரைமண்டி."

எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். சந்து முழுக்க விசிறி விரிந்தது. மயில் கூட்டம் ஒன்று தோகையை விரித்ததுபோல இருந்தது. கடைசியில் நின்ற உயரமான பெண்ணுக்கு மட்டும் இடுப்பில் கொஞ்சம் இறுக்கம், அளவு எடுத்த பிறகு வளர்ந்துவிட்டாள். பாய் போய்த் தையலைப் பிரித்து, உள்ளே மடித்து விட்டிருந்த துணியை இழுத்து நிற்கவைத்தே தைத்துவிட்டார். அவளுக்கும் விரிந்தது. மாடியில் கை தட்டினார்கள். பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அந்தச் சீசன் முடிவதற்குள் பாய்க்கு அடுத்த வருஷத்துக்கும் ஆர்டர் நிறைந்துவிட்டது, அதைப் பார்த்து மற்ற கடைக்காரர்களும் வெப்சைட் கேட்டு நம்மிடம் வந்தார்கள். நீங்கள் இரண்டு பேரும் இங்கே வேலைக்கு வந்ததும் அதனால்தான்.

டீச்சர் கடைக்குள் வந்து, "இங்க அருள் யாரு?" என்று கேட்டார். பாய் கத்தரிக்கோலால் என்னைக் காட்டினார்.

"நீங்கதானா. நல்லா எழுதியிருந்தீங்க."

"எனக்குப் படம் புடிக்கத்தான் தெரியும் டீச்சர்."

"படமும் பாத்தேன். ஒண்ணு கேக்கணும். அந்த அளவெடுக்கிற பக்கத்துல ஒரு கால் இருக்கே, ட்ராக் பேண்ட் போட்டுகிட்டு. அது யாரு?"

பாயும் சபுராம்மாவும் என்னைப் பார்த்தார்கள். "என்னோடதுதான்," என்றேன்.

"என் பிள்ளைங்க அந்தக் காலைப் பாத்துதான் அளவெடுத்தாங்க. முட்டிய இன்னும் வெளிய தள்ளணும் தம்பி." சந்தே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, "உங்க படமெல்லாம் அவ்வளவு நேரா இருக்கு. அது ஒண்ணு மட்டும் ஏன் சாஞ்சிருக்கு?" என்று கேட்டார்.

"அது நான் எடுத்தது இல்ல டீச்சர். டேவிட் மாமா எடுத்தாரு. எடுக்கும்போது சிரிச்சுட்டாரு."

இவ்வளவுதான் விஷயம். பாய் வெப்சைட்டில் நிறத்தை மாற்றுங்கள், எழுத்தை மாற்றுங்கள், நான் எடுத்த படங்களை எல்லாம் எடுத்துவிட்டுப் புதுசு போடுங்கள். என்னைக் கேட்கவே வேண்டாம். அந்த ஒரு படத்தை மட்டும் நேராக்காதீர்கள். அவர் சிரித்தது அதில் இருக்கிறது.